மருந்துக் கழிவும் கடலடிச் சிற்றுயிர்களும்

இந்தியப் பொதுத்துறை மருந்துத் தொழிலின் வரலாறு புனே நகரையடுத்த பிம்பிரியில் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் உதவ, 1954-ஆம் ஆண்டில் அங்கு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு குப்பிகளுக்காக மருத்துவமனைகள் காத்துக் கிடந்த நிலை இதனால் மாறிற்று. அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எம். ஜே. திருமலாச்சார் குழுவினர் உருவாக்கிய ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து, இந்திய மண்ணிலேயே கண்டறியப்பட்ட எதிருயிர் மருந்து என்ற பெருமையைப் பெற்றது. அதே புனேயில் 1950 முதல் இயங்கி வரும் தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் மருந்துத் தயாரிப்பு முறைகள் பலவற்றை வகுத்தளித்தது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்றித் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு என்று வரையறுத்தது. இதனால் இத்தொழில் மேலும் விரிந்து, ஏழை நாடுகளுக்கெல்லாம் மலிவான மருந்தை அளிக்கும் நிலைக்கு இந்தியா உயர்ந்தது.

ஆயினும், நோயைத் தீர்க்கும் மருந்தின் வாழ்வு நோயாளியின் உடலோடு முடிந்து விடுவதில்லை. மெட்ஃபார்மின் என்னும் நீரிழிவு மருந்து உடலில் ஏறக்குறைய எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. அமாக்சிசிலின் மருந்தின் பெரும்பகுதியும் அவ்வாறே வெளியேறும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின் உடலில் பெரிதும் மாற்றமடைந்தபோதிலும், எஞ்சி வெளிவரும் சிறு பங்கு சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்தும் சிதையாமல் செல்லும் வலிமையுடையது. தொழிற்சாலைக் கழிவு ஒரு புறமிருக்க, மருத்துவமனைக் கழிவும் வீடுகளின் கழிவுநீரும் தனித்தனியே மருந்து ஊற்றுகளாகி விட்டன.

இம்மருந்துகள் ஆற்றில் கலந்தபின் எங்கே போகின்றன? ஆற்றின் அடியிலும், முடிவாகக் கடலின் அடியிலும் வாழும் கண்ணுக்கெட்டாத உயிர்களுக்கு அவற்றால் நேர்வது என்ன? உலகெங்கும் விஞ்ஞானிகள் கடந்த சில பத்தாண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்விகள் இவை. நிர்வாகத் துறையினரும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

முட்டா நதியின் சேறு

கடக்வாஸ்லா அணையிலிருந்து இறங்கும் முட்டா நதி, புனே நகரின் நடுவே ஓடிச் சங்கம் என்னும் இடத்தில் மூலா நதியுடன் கூடுகிறது. பிம்பிரி வழியே வரும் பவனா நதி அதற்கு முன்பே மூலாவில் கலந்து விடுகிறது. மூன்றும் ஒன்றாகிப் பீமாவிலும், பீமா ராய்ச்சூருக்கருகே கிருஷ்ணாவிலும் சேர்ந்து, இறுதியில் ஆந்திரக் கரையில் வங்கக் கடலை அடைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், அரபிக் கடலுக்கு மிக அருகில் பிறக்கும் நீர், தீபகற்பத்தின் குறுக்கே நெடுந்தூரம் நடந்து கீழைக் கடலைத் தேடிச் செல்வது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

இந்திய, சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து முட்டா நதியின் அடிமண்ணை நகருக்கு மேலும், நகருக்குள்ளும், நகருக்குக் கீழும் எடுத்து ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பாக்டீரியாக்களுக்கு அளிக்கும் மரபணுக்கள், நகருக்கு மேலுள்ள மண்ணைவிட நகருக்குள் 30 மடங்கு வரை மிகுந்திருந்தன. வேறு மருந்து பயன்படாத நிலையில் மருத்துவர்கள் கடைசியாக நாடும் கார்பபெனெம், கோலிஸ்டின் போன்றவற்றை முறியடிக்கும் மரபணுக்களும் அவற்றுள் இருந்தன. இங்கே கவனிக்கத்தக்கது, இந்நிலைக்கு ஆய்வாளர்கள் சுட்டிய காரணம் சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவுநீர் என்பதாகும். புகைபோக்கியுள்ள ஆலையைக் குறை கூறுவது எளிது. ஒவ்வொரு வீட்டின் கழிப்பறையும் இதில் பங்காளி என்பதை ஏற்பது அவ்வளவு எளிதன்று.

மூலா-முட்டா நதிகளின் மாசைக் குறைக்க 990 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பானியக் கடனுதவியுடன், 11 சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2016-இல் ஒப்புதல் வழங்கிற்று. சாக்கடை நீரின் கரிமப் பொருளையும் நோய்க்கிருமிகளையும் குறைக்க இத்தகைய நிலையங்கள் இன்றியமையாதவை. ஆனால் மருந்து மூலக்கூறுகளை அகற்றும் நோக்குடன் வழக்கமான நிலையங்கள் வடிவமைக்கப்படுவதில்லை. சில மருந்துகள் அங்குச் சிதைகின்றன. சில கசடோடு ஒட்டிக்கொள்கின்றன. சில வந்தபடியே வெளியேறுகின்றன.

புனேயின் மருந்து அவ்வளவும் கடலைச் சேர்கிறது என்று கொள்வதும் தவறு. பீமாவின் குறுக்கே 1980-இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணை, சுமார் 117 டி.எம்.சி. நீரைத் தேக்கும் பெரிய ஏரி. வண்டலோடு ஒட்டிச் செல்லும் மருந்துகளில் பெரும்பங்கு அங்கேயே படிந்து விடும் என எதிர்பார்க்கலாம். நீரில் கரைந்தே இருக்கும் இயல்புடையவைதாம் கிருஷ்ணாவின் கழிமுகத்தை நோக்கிச் செல்லக்கூடும். மலைக்கு மேற்கே கொங்கணக் கரையின் நிலைமை வேறு. லோட்டே பரசுராம், மகாட், ரோகா, தாராப்பூர் ஆகிய தொழிற்பேட்டைகளில் ரசாயன ஆலைகளும் மருந்து ஆலைகளும் நெருங்கி அமைந்துள்ளன. அங்குள்ள ஆறுகள் குறுகியவை, இடையில் தேக்கமில்லை. கழிவு சில மணி நேரத்தில் கடற்கழியை அடைந்து விடும். தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் வளாகத்தையும் உப்பனாற்றையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஓர் அணுவுடல், ஓர் ஓடு

கடலடிச் சேற்றை ஒரு கைப்பிடி எடுத்து நுண்ணிய சல்லடையில் அலசி, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், மணலென்று நினைத்தவற்றுள் பல சின்னஞ்சிறு சங்குகளைப் போலவும், மணிக்கோவையைப் போலவும், குப்பியைப் போலவும் உருவெடுக்கும். இவை ஃபொராமினிஃபெரா எனப்படும் உயிர்களின் ஓடுகள். உடல் ஒரே செல்லால் ஆனது. அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு சுண்ணாம்பு ஓடு கட்டுவன ஒரு வகை; மணற்பொடிகளைப் பொறுக்கி ஒட்டி வீடு கட்டிக்கொள்வன மற்றொரு வகை. வளர வளர ஓர் அறையுடன் மற்றோர் அறையைச் சேர்த்துக்கொண்டே போகும். ஓட்டின் துளைகள் வழியே நூலிழை போன்ற பொய்க்கால்களை நீட்டிப் பாக்டீரியாக்களையும் நுண்பாசிகளையும் பிடித்து உண்ணும்.

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினங்கள் பூமியில் வாழ்ந்து வருகின்றன. எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு வெட்டிய சுண்ணாம்புக் கல்லில் நாணயம் போன்ற இவற்றின் ஓடுகளைக் காணலாம். எண்ணெய் தேடும் பொறியாளர்கள் பாறையின் வயதை அறிய இவற்றையே நாடுகின்றனர். கழிமுகங்களில் எங்கும் மிகுந்து காணப்படும் ஓர் இனத்துக்கு அமோனியா என்று பெயர். நெடி வீசும் வாயுவை எண்ணி மாணவர் குழம்ப வேண்டாம்.

மாசை அறிவதற்கு இவ்வுயிர்கள் ஏன் உகந்தவை என்பதற்குக் காரணங்கள் உண்டு. மீன் நீந்தித் தப்பிவிடும். இவை இருக்குமிடத்திலேயே வாழ்ந்து மடிபவை. வாழ்நாள் குறுகியதாதலால் சூழலின் மாற்றம் விரைவில் இவற்றின் தொகையில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் போனாலும் ஓடு நிற்கிறது. ஆலை எழுவதற்கு முன் அவ்விடத்தில் எவ்வினங்கள் வாழ்ந்தன என்பதை எவரும் குறித்து வைக்காதிருக்கலாம். ஆனால் சேற்றின் கீழடுக்கு அதைக் குறித்து வைத்திருக்கிறது. ஆற்று நீரின் பழைய மாதிரியை இன்று எவராலும் எடுக்க முடியாது. பழைய சேற்றை எடுக்க முடியும். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் கழிவுநீர்க் குழாய் வாய்களையொட்டி 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இம்முறை கையாளப்பட்டது.

இந்தியாவில் கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் இத்துறையில் முன்னோடி. அங்கு ராஜீவ் நிகம், ராஜீவ் சரஸ்வத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ரொசலினா லீயை என்னும் இனத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, நீரில் பாதரசத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிப் பார்த்தனர். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், வளர்ச்சி குன்றியதும் புதிதாக எழுந்த அறைகள் கோணலானதும் பதிவு செய்யப்பட்டன. உயிர் சாகவில்லை, ஆனால் வீட்டை ஒழுங்காகக் கட்ட இயலவில்லை. மாசின் விளைவை மரணத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

மருந்து எவ்வாறு தாக்குகிறது?

பாதரசம் பொதுவான நஞ்சு. மருந்து அப்படியன்று, உடலின் ஒரு குறிப்பிட்ட பொறியமைப்பைத் தேடிச் சென்று தாக்கவே அது உருவாக்கப்படுகிறது. தொல்லை இங்குதான் எழுகிறது. மனிதனிடமுள்ள நொதிகளும் புரதங்களும் பல, பரிணாமத்தின் தொடக்க காலத்திலேயே தோன்றியவை. ஆகவே மனிதனுக்கென்று செய்த சாவி, கடலடியிலுள்ள வேறு பூட்டுகளையும் திறக்கக்கூடும்.

கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் அசெட்டசோலமைடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியை அது தடுக்கிறது. கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் ஒன்று மற்றொன்றாக மாறுவதை விரைவுபடுத்துவது இந்த நொதி. பவளப்பாறைப் பகுதிகளில் வாழும் ஆம்ஃபிஸ்டெஜினா என்னும் ஃபொராமினிஃபெராவுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது அதன் ஓடு கட்டும் பணி தடைப்பட்டது என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2021-இல் கண்டனர். ஓடு உருவாகும் முறையை அறியும் பொருட்டே இச்சோதனை நடந்தது. கடல்நீரில் இம்மருந்து அந்த அளவில் இருப்பதாக இதற்குப் பொருளில்லை. எனினும் மனித மருந்தொன்றுக்கு ஒரு செல் உயிரின் சுண்ணாம்பு வேலையை நிறுத்தும் திறன் உண்டு என்பது ஐயத்துக்கிடமின்றித் தெளிவாகிறது.

எதிருயிர் மருந்துகளின் தாக்குதல் சுற்று வழியில் நேரக்கூடும். அவை பாக்டீரியாக்களைக் கொல்பவை. ஃபொராமினிஃபெரா பாக்டீரியா அன்று. ஆனால் 1969-இல் முல்லர், லீ ஆகிய இரு அமெரிக்க விஞ்ஞானிகள் செய்த சோதனை இங்கு நினைவுகூரத்தக்கது. பாக்டீரியா அறவே இல்லாத வளர்ப்பில், பாசியை மட்டும் உண்டு இவ்வுயிர்களால் தொடர்ந்து இனம் பெருக்க முடியவில்லை. உணவில் ஒரு பகுதியாகப் பாக்டீரியா இன்றியமையாதது என்று அவர்கள் முடிவு கட்டினர். உழவனைத் தொடாமல் அவன் விதைநெல்லை அழித்தால் நேரும் விளைவே இங்கும் நேரும். கடலடியில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பணியில் பாக்டீரியாக்களோடு ஃபொராமினிஃபெராவும் பங்கு கொள்வதாக 2006-இல் கண்டறியப்பட்டது. எனவே இச்சமூகம் குலைந்தால் கழிமுகத்தின் உரச்சத்துக் கணக்கும் குலையக்கூடும்.

பிற கடலடி உயிர்களைப் பற்றியும் செய்திகள் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்சிடின், கடற்கரை ஓரத்தில் வாழும் இறால் போன்ற சிறு கணுக்காலிகளை வெளிச்சத்தை நோக்கி நீந்தச் செய்கிறது என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2010-இல் தெரிவித்தனர். இருளில் ஒளிந்து பிழைக்க வேண்டிய உயிர், வெளிச்சத்தில் வந்து மீனுக்கும் பறவைக்கும் இரையாகிறது. மீன் பண்ணைகளில் ஒட்டுண்ணிகளை அழிக்கச் சோதிக்கப்பட்ட ஐவர்மெக்டின், சேற்றில் வளை தோண்டும் புழுக்களுக்கும் சிறு ஓட்டுயிர்களுக்கும் கொடிய நஞ்சாக விளங்கிற்று. இவை யாவும் நெய்தல் நிலத்து உணவுச் சங்கிலியின் கீழ்ப்படிகள். கொங்கணக் கழிகளில் மட்டி பொறுக்கிப் பிழைக்கும் பெண்களின் கூடை இச்சங்கிலியின் மேற்படியில் இருக்கிறது.

எல்லா மருந்தும் எங்கும் ஒரே விதமாகச் செயல்படுவதில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கடல்நீரின் கால்சியம், மெக்னீசிய அயனிகளோடு பிணைந்து வீரியம் குன்றும். ஆனால் துகள்களோடு ஒட்டி அடியில் படியும். சிப்ரோஃப்ளாக்சசின் களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில் நுண்களிமண் திரண்டு கீழே இறங்குகிறது. அதனுடன் மருந்தும் இறங்குகிறது. மேலே ஓடும் நீரைச் சோதித்து ‘மருந்து இல்லை’ என்று அறிக்கை எழுதும்போது, அதே இடத்தின் சேற்றில் அது சேர்ந்துகொண்டிருக்கலாம்.

அளவுகளும் சட்டமும்

மருந்து மாசின் உச்ச அளவுக்கு உலக நூல்களில் மேற்கோள் காட்டப்படுவது ஓர் இந்திய ஊரே என்பது வருந்தத்தக்கது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக லார்சன் தலைமையிலான சுவீடன் குழு 2007-இல் வெளியிட்டது. அம்மருந்தை உட்கொண்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். அந்த நீர் செல்லும் வழி மஞ்சிரா, கோதாவரி, வங்கக் கடல். மறுபுறம், 104 நாடுகளில் 258 ஆறுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, மாதிரி எடுத்த இடங்களில் நான்கில் ஒன்றில் ஏதேனும் ஒரு மருந்தாவது பாதுகாப்பு அளவைக் கடந்திருந்ததாகக் காட்டியது. ஆகவே இது ஒரு நாட்டின் குற்றமன்று.

சட்டத்தின் நிலை என்ன? மகாராஷ்டிர மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1970-இலும், மத்திய நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும் வந்தன. இவற்றின் கீழ் வழக்கமாக அளக்கப்படுவனவற்றுள் முதன்மையானது பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலுள்ள மருந்து இச்சோதனையில் தெரியாது. அதுமட்டுமன்று; இச்சோதனை, குப்பியிலுள்ள பாக்டீரியாக்கள் கழிவை உண்டு ஆக்சிஜனைச் செலவிடுவதை நம்பியுள்ளது. கழிவில் எதிருயிர் மருந்து மிகுந்திருந்தால் அந்தப் பாக்டீரியாக்களே மடியும், ஆக்சிஜன் செலவு குறையும், பி.ஓ.டி. குறைவு என்று குறிக்கப்படும். மாசு மிகுந்த நீருக்கு நற்சான்று கிடைக்கும் விந்தை இவ்வாறு நேரக்கூடும். ஆய்வுக்கூடப் பொறுப்பிலுள்ள அலுவலர்கள், மருந்து ஆலைக் கழிவின் பி.ஓ.டி. அளவு, சி.ஓ.டி. எனப்படும் ரசாயன ஆக்சிஜன் தேவையோடு பொருந்தாமல் மிகத் தாழ்ந்து நின்றால், அதைத் தூய்மையின் அடையாளமாகக் கொள்ளாமல் ஐயத்தின் அடையாளமாகக் கொள்வதே முறை.

மருந்து ஆலைக் கழிவில் எதிருயிர் மருந்து எச்சங்களுக்கு வரம்பு விதிக்கும் வரைவு அறிவிக்கையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. உலகில் இவ்வகை முயற்சிகளில் இது முன்னணியில் நின்றது. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. கட்டுப்பாட்டின் செலவு மருந்தின் விலையில் ஏறும், ஏற்றுமதிப் போட்டியில் பின்தங்க நேரும் என்ற தொழில்துறையின் அச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. பிம்பிரியின் நோக்கமே ஏழைக்கு எட்டும் விலையில் மருந்து என்பதுதான். எனினும் எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிகளால் பழைய மலிவு மருந்துகள் பயனிழக்கும்போது அதே ஏழை விலையுயர்ந்த மருந்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இக்கணக்கில் அச்செலவும் சேர்ந்தாக வேண்டும். 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் எதிருயிர் மருந்து உற்பத்திக் கழிவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருப்பதால், வரம்புகளை மீண்டும் எடுத்துக்கொள்ள இப்போது ஓர் அடிப்படை கிடைத்துள்ளது.

அரசு முனைந்தால் மருந்தின் தீங்கை நிறுத்த முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உள்ளது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் இறந்த உடலை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004-இல் நிறுவப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2006-இல், கால்நடைப் பயன்பாட்டுக்கு அதன் உற்பத்தி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ஆனால் பிணந்தின்னிக் கழுகு வானில் குறைவதை எவரும் காண முடியும். கடலடியில் அரை மில்லிமீட்டர் உயிர் குறைவதைக் காண, தேடிப் போக வேண்டும்.

அத்தேடலுக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. மருந்தின் அளவை அறியும் நிறமாலைக் கருவிகள் விலை மிக்கவை. ஃபொராமினிஃபெராவை எண்ணுவதற்கு ஒரு படகும், சேறு அள்ளும் கருவியும், சல்லடையும், கல்லூரி ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கியும் போதும். சர்வதேச ஆய்வாளர் குழுவொன்று 2012-இல் வகுத்த ஃபோபிமோ நெறிமுறையின்படி சேற்றின் மேல் ஒரு சென்டிமீட்டர் அடுக்கை மட்டும் எடுக்க வேண்டும். ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தை ஊற்றினால் உடலுள்ள ஓடு இளஞ்சிவப்பாகும், வெற்று ஓடு வெண்மையாகவே இருக்கும். உயிரோடிருந்தவற்றையும் முன்பே மடிந்தவற்றையும் பிரித்தெண்ண இது உதவுகிறது. ஓரினம் மட்டும் பெருகிப் பிற மறைதல், கோணல் ஓடுகளின் விகிதம் கூடுதல் ஆகிய இரண்டும் கவனிக்க வேண்டிய குறிகள். கோணலுக்கு உப்பளவு மாற்றமும் கன உலோகமும் கூடக் காரணமாகலாம் என்பதால், குறி தெரிந்த இடத்தில் மட்டும் விலையுயர்ந்த மருந்துச் சோதனையைச் செய்து காரணத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பருவமழை வெள்ளம் மேற்படிவை அடித்துச் சென்று விடுவதால், கொங்கணக் கழிகளில் இம்மாதிரியை மே மாதத்தில் ஒரு முறையும், வெள்ளம் வடிந்தபின் டிசம்பரில் ஒரு முறையும், அதே இடத்தில், ஆண்டுதோறும் எடுத்தல் வேண்டும்.